கழிவறைக்குப் பக்கத்துக் கதிரை

கிளிநொச்சியில் மாதாந்தக் கிளினிக்குக்கு நான் போகும்போதெல்லாம், கழிவறைக்கு மிக அருகிலுள்ள கதிரையில் அவர் இருப்பார். கண்டாவளைப் பக்கத்து நெல் விவசாயி, மெலிந்த மனிதர். சட்டைப்பையிலிருந்து பற்ற வைக்காத சிகரெட் ஒன்றை எடுப்பார், முகர்வார், திரும்ப வைப்பார்.

ஒருநாள் தாமாகவே கதைக்கத் தொடங்கினார்.

"முப்பது வருசம் சிகரெட் பத்தினனான், தம்பி. விட்டு நாலு மாதத்தில பெருங்குடல் புண்ணாகி ரத்தமாப் போகத் தொடங்கிட்டுது. பத்துறவைக்கு இந்த வருத்தம் குறைவாம். டொக்டரே சொன்னவர்."

புகைப்பதற்கு நல்ல காரணம் ஒன்றை வெகுகாலமாகத் தேடிக்கொண்டிருந்த எனக்குக் காது குளிர்ந்தது.

"அப்ப திரும்பப் பத்தலாமே, அண்ணை?"

"கூடாதாம். குடல் தப்பினாலும் நெஞ்சு போயிடுமாம். சிகரெட்டில இருக்கிற நிக்கோட்டினை மட்டும் டொக்டர்மார் பிளாஸ்டரா ஒட்டியும் பாத்தவையாம், பெரிசாச் சரிவரேல்லையாம். அதை விடுங்கோ. வருத்தத்துக்குக் குளிசை இருக்கு. சிகரெட்டை விடேக்க நான் பட்ட பாட்டை இன்னொருக்கா ஆர் படுறது?"

சொல்லும்போதே வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "இதை ஒருக்காப் பிடியுங்கோ, வாறன்" என்று சிகரெட்டை என்னிடம் தந்துவிட்டு உள்ளே ஓடினார்.

என் பையில் தீப்பெட்டி இருந்தது. அவர் வருவதற்குள் அந்தச் சிகரெட்டை இரண்டு தரம் முகர்ந்து பார்த்தேன். புகையிலை வாசம் துளியும் இல்லை. எத்தனை மாதத்துச் சிகரெட்டோ!