பாறை வெடிப்பில் ஒரு போன்

புதன்கிழமை விடிந்ததும் சதீஷ்குமார் போனைத் துண்டால் துடைப்பான். வீட்டுக்குப் பின்னாலுள்ள பாறையில் ஏறி, வெடிப்பில் அதை நிமிர்த்திச் செருகி, காற்றில் சாயாமலிருக்க ஒரு சில்லுக்கல்லை முட்டுக் கொடுப்பான். அவன் ஊருக்கு டவர் எட்டுவது அங்கே மட்டும்தான். பிறகு, மணியடித்தால் காதில் விழுகிற தூரத்திலேயே மிளகுக்கொடிகளைச் சுற்றிச் சுற்றி வருவான்.

புதன் அவனுக்கு விடுமுறை. மற்ற நாட்களில் லாட்ஜ் ஜீப்புக்கு டிரைவர். விடுமுறையிலும் கூப்பிட்டால் வர வேண்டும் என்பது மேனேஜர் கதிர்வேலின் கட்டளை. தொடக்கத்தில் சிலமுறை போன் அடித்தது. ஆடி பிறந்த பிறகு அடிக்கவே இல்லை. அதற்காக வைக்காமல் இருக்க முடியுமா? எதிர் லாட்ஜில் புதன்கிழமை மட்டும் வண்டியோட்டக் கூப்பிட்டபோதும் இதைச் சொல்லித்தான் மறுத்தான். கதிர்வேல் அந்நியரும் இல்லை; மனைவி சத்யாவின் பெரியப்பா மகன்.

சத்யா முழுகாமல் இருந்தாள். முதல் ஸ்கேன் ஒரு புதன்கிழமை, சேந்தமங்கலத்தில். பஸ் வளைவுகளில் அவளுக்குக் குமட்டும். கூட வருவதாகச் சொல்லியிருந்தான்.

முந்தின நாள் லாட்ஜில் கேட்டான்.

“மச்சான், நாளைக்கு மட்டும் போன வெக்கலீங்க. சத்யாகூடப் போகோணும்.”

“போ மாப்ளே, ஆரு வேண்டாங்கறா? கூப்புட்ட ஒடனே வண்டிக்கு வரலீன்னா வேலைய விட்டு அப்படியே நின்னுக்க.”

“லீவுன்னு சொல்லிப்போட்டு இப்பிடிக் கட்டி வெச்சா எப்பிடீங்க? காத்துக்கிட்டு இருக்கறதும் வேலதானுங்களே?”

“கூப்புட்டாத்தான் வேல. பாறைல குந்தி வெயில் காயறதுக்கெல்லாம் வேலைன்னு பேரா?”

கதிர்வேல் சிரித்தார். சமையல்கட்டிலிருந்தும் சிரிப்புக் கேட்டது.

மறுநாள் சத்யா பக்கத்து வீட்டு மாராயியோடு கிளம்பினாள்.

“உங்க போனுக்குத் தொணையா இருங்க,” என்றவள் திரும்பிப் பார்க்கவில்லை.

நண்பகலில் கீழே ரோட்டில் லாட்ஜ் ஜீப் போனது. உள்ளே ஆட்கள். பாறைக்கு ஓடினான். போன் அடித்திருக்கவில்லை. நம்மேல் இரக்கப்பட்டு மச்சானே ஓட்டிப்போகிறார் என்று நினைத்தான். கொஞ்சம் நன்றியாகக்கூட இருந்தது.

சாயங்காலம் சத்யா வந்தாள்.

“கொழந்த நெஞ்சு அடிக்கறதக் கேக்க வெச்சாங்க. மாராயக்காதான் கேட்டுச்சு.”

அடுத்த மாதம் சேந்தமங்கலத்தில் டீசல் போட நின்றபோது, வாடகை டிரைவர் வேல்முருகன் பேச்சுக் கொடுத்தான்.

“ஏனுங்க, ஆடியிலிருந்து புதன்கெழம உங்க ஜீப்ப ஓட்டறது நான்தானுங்க. தெரியாதுங்களா? எதிர் லாட்ஜுக்கு நீங்க போயிரக் கூடாதுன்னுதான் போனுகிட்டக் குந்த வெச்சிருக்கறதா உங்க மச்சான் சொன்னாருங்களே.”