தேறிய உடம்பு

தையல் கம்பெனியில் அவனை 'மில்லிமீட்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டிங் மாஸ்டர். நாற்பது மடிப்புத் துணியை அடுக்கி, சாக்பீஸ் கோட்டின்மேல் மெஷின் கத்தியை ஓட்டினால் மேல் துண்டும் அடித் துண்டும் அச்சு அசலாக ஒன்றாயிருக்கும்.

ஒரு மாதமாகத் தலைவலி. வலி மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்குப் போனான். ஒருநாள் மேஜையிலேயே வாந்தியெடுத்து விழுந்தான். ஆஸ்பத்திரியில் முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீரெடுத்துப் பார்த்தார்கள். மூளைச் சவ்வில் பூஞ்சை. அதற்கு இடம் கொடுத்தது எச்ஐவி. மனைவியைச் சோதித்தபோது அவளுக்கும் இருந்தது.

"யார்கிட்டேருந்து யாருக்கு?" என்று அவன் அண்ணன் வார்டுக்கே கேட்கும்படி கேட்டார். அவன் கண்ணை மூடிக்கொண்டான். பதில் அவனுக்குத் தெரியும். பழி அவள் தலையில் விழுந்தது.

முதலில் பூஞ்சைக்கு மருந்து, ஐந்து வாரம் கழித்து எச்ஐவி மாத்திரை. உடம்பு தேறியது. வேலைக்குத் திரும்பி ஆறாவது வாரம், சாக்பீஸ் கோடு இரண்டாகத் தெரிந்தது. தலை பிளந்தது.

"பூஞ்சை செத்துடுச்சு," என்றார் டாக்டரம்மா. "இத்தனை நாள் படுத்திருந்த உங்க எதிர்ப்புச் சக்தி மாத்திரையால இப்பத்தான் எழுந்திருக்கு. செத்ததைப் போட்டு அடிக்குது. அடி மூளையில விழுது."

"அப்ப தேறினதுதான் வியாதியா?"

"இப்போதைக்கு அப்படித்தான். ஆனா மாத்திரையை விட்டா உயிர் போயிடும்."

வீக்கத்துக்கு மருந்து கொடுத்து, ஏழு தடவை முதுகில் நீர் எடுத்தார்கள். உயிர் நின்றது. பார்வை போய்விட்டது.

வீட்டில் அவன் மனைவியிடம் சொன்னான்: "அண்ணன்கிட்ட உண்மையைச் சொல்லிடறேன்."

"சொல்லி? என்னைத் திட்டினதைத் திரும்ப வாங்கிக்கப் போறாரா?"

அவளுக்கும் மாத்திரை கொடுத்திருந்தார்கள். "உங்களுக்குப் பூஞ்சை இல்லம்மா, சோதிச்சாச்சு. பயப்படாம போடுங்க," என்று டாக்டரம்மா அடித்துச் சொன்னார். அவள் தலையாட்டினாள். அவனுக்கு வேளை தவறாமல் உள்ளங்கையில் மாத்திரையை வைப்பாள்.

"நீ போட்டியா?"

"போட்டேன்." தம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்கும்.

ஒன்றரை வருஷம் கழித்து அவளுக்கு இருமல் வந்தது. காசநோய் உடம்பெல்லாம் பரவியிருந்தது. பதினோராம் நாள் இறந்துபோனாள்.

அவளுடைய துணி அலமாரியை ஒழித்த அண்ணன் சொன்னார்: "பதினேழு மாத்திரை டப்பாடா. ஒண்ணையும் பிரிக்கல."

அவன் ஒவ்வொன்றாக வாங்கி மூடியைத் தடவினான். சீல் அப்படியே இருந்தது.

அடுத்த மாதச் சோதனையில் அவன் ரத்தம் நன்றாயிருந்தது. "இப்படியே விடாம போடுங்க," என்றார் டாக்டரம்மா. போட்டுக்கொண்டிருக்கிறான்.