மதியம் இரண்டு மணி லேடீஸ் பேட்ச்

நீச்சல் சொல்லிக்கொடுக்கிற வேலையில் உடம்பு நனைவதைவிடத் தொண்டை காய்வதுதான் அதிகம். அதுவும் திண்டுக்கல்லில் நான் நீச்சல் டீச்சர் என்றால், "குடிக்கவே தண்ணியக் காணோம், இதுல நீச்சலா?" என்று சிரிக்காத ஆளில்லை. நீங்களும் நாலு பேருக்கு எதையாவது சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவராக இருந்தால் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

வேண்டாத நேரம்

போன வருஷம் எங்கள் நீச்சல் குளத்து வாசலில் பெரிய போர்டு மாட்டினார்கள்: 'எல்லோருக்கும் நீச்சல்'. பெண்கள், மாற்றுத்திறனாளிகள், யார் வேண்டுமானாலும் வரலாமாம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எத்தனை வருஷமாக நான் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன விஷயம் அது!

நேரத்தைப் பார்த்தால் மதியம் இரண்டிலிருந்து மூன்று. காலையும் மாலையும் ஆம்பளைப் பிள்ளைகளுக்குப் போய்விட, மிச்சம் எங்களுக்கு. கோடையில் அந்த நேரத்துத் தண்ணீரில் அரிசி போட்டால் வெந்துவிடும். கரையில் வெறுங்காலோடு நின்றால் உள்ளங்கால் கொப்பளிக்கும். மேனேஜரிடம் போய்ச் சண்டை போட்டேன். மனுஷன் பேப்பரிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. "பொம்பளைகளுக்குன்னு ஒரு மணி நேரம் குடுத்தாச்சு மேடம், இனி வெயிலையும் வராதன்னு நாந்தான் சொல்லணுமா?"

பூட்டு

அந்த வெயிலிலும் முதலில் வந்தவர் பாத்திமா அக்கா. டவுனில் தோல் வியாபாரக் குடும்பம். கூடவே மகள் ரஹீமா, பதிமூன்று வயது. பிறவியிலிருந்தே காது கேட்காது, பேச்சும் வராது. அம்மாவும் மகளும் கையாலேயே ஊர்க்கதை எல்லாம் பேசுவார்கள். இவர்களைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் சேர்ந்தார்கள்.

ஒருநாள் எல்லோரும் தண்ணீரில் இருக்கும்போது, மோட்டார் பார்க்கிற ஆள் கதவைத் தள்ளிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே வந்துவிட்டார். அத்தனை பெண்களும் கழுத்துவரை அமுங்கி, அவர் போகும்வரை அப்படியே நின்றார்கள். மறுநாள் பாதிப் பேரைக் காணோம். பாத்திமா அக்கா மட்டும் நேராக என்னிடம் வந்து, பைக்குள்ளிருந்து ஒரு புதுப் பூட்டை எடுத்துக் கையில் வைத்தார். "திண்டுக்கல்லுல இருந்துக்கிட்டு இந்தக் கதவுக்கு ஒரு பூட்டு கெடைக்கலையா டீச்சரம்மா உங்களுக்கு?"

சத்தமில்லாத வகுப்பு

கோச் என்றால் கத்த வேண்டும். இருபது வருஷமாக நான் பிழைப்பதே இந்தக் குரலை வைத்துத்தான். ரஹீமாவிடம் அது செல்லுபடியாகவில்லை. கத்தினாலும் ஒன்றுதான், கொட்டாவி விட்டாலும் ஒன்றுதான். தலையைத் தண்ணீருக்குள் விட்டால் கையும் தெரியாது. அதனால் கரையோரமாகவே கூட நடந்து, அவள் மூச்சுக்கு முகத்தைத் திருப்பும்போதெல்லாம் சைகை காட்டினேன். வெந்துபோன கால் ராத்திரி தூங்க விடாது. ஆனால் அந்தப் பிள்ளை நீந்துவதைப் பார்க்கணுமே! தண்ணீரே அவளுக்கு வழிவிட்ட மாதிரி இருக்கும். ஸ்டார்ட்டுக்கு நான் ஒரு துண்டை உயர்த்திப் பிடிப்பேன். துண்டு இறங்கினால் பாய்வாள்.

கொஞ்ச நாளில் மற்ற பெண்களும் கைப்பேச்சுக்குப் பழகிவிட்டார்கள். எல்லோரும் சேர்ந்து கையாலேயே கேலி பேசிச் சிரித்தார்கள். என் வாழ்க்கையிலேயே நான் சந்தோஷமாக எடுத்த வகுப்பு அதுதான். உள்ளே பூட்டின கதவை வெளியே நின்று தட்டினார் மேனேஜர். "என்ன மேடம், சத்தத்தையே காணோம், எல்லாரும் உசுரோடதான இருக்காக?"

போட்டோவுக்கு ஒரு மெடல்

மண்டலப் போட்டி வந்தது. ஐம்பது மீட்டருக்கு ரஹீமாவின் பெயரைக் கொடுத்தேன். உடம்பை முழுக்க மூடுகிற நீச்சல் உடையைப் பாத்திமா அக்காவே தேடிப்பிடித்து வாங்கினார். கிளம்புகிற அன்றைக்கு மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மதிய நேரத்தைப் பள்ளிக்கூட கேம்ப்புக்குக் கேட்கிறார்களாம். அந்த ஒரு மணி நேரத்தை விட்டால் இந்தப் பிள்ளைக்கு வேறு தண்ணீர் கிடையாது. "ஒரே ஒரு மெடல் வாங்கியாங்க மேடம், போட்டோவக் காட்டி மேல பேசி பேட்ச்ச நிப்பாட்டாமப் பாத்துக்கிறேன்."

கொடி

போட்டி நடத்துகிறவர்கள் தங்கமானவர்கள், குறை சொல்ல மாட்டேன். விசில் ரஹீமாவுக்குக் கேட்காது என்று சொன்னதும், "அதுக்கென்ன மேடம், கூடவே கொடியையும் எறக்கிருவோம்" என்றார் விசில் அடித்துப் போட்டியைத் தொடங்குகிற ஸ்டார்ட்டர். சொன்னபடியே செய்தார். கொடி இறங்கியதும் ரஹீமா பாய்ந்தாள். ஆனால் பக்கத்து லேன் பிள்ளை ஒரு கணம் முன்னாலேயே குதித்துவிட்டாள். திரும்ப வரச்சொல்லி விசில் அடித்தார்கள். எல்லாப் பிள்ளைகளும் நின்றுவிட்டார்கள், ரஹீமாவைத் தவிர.

நான் கரையோரம் ஓடினேன். ஜனம் முழுக்க எழுந்து நின்று "நில்லு, நில்லு" என்று கையை ஆட்டியது. மூச்சுக்குத் திரும்பியவள் அத்தனை கைகளையும் பார்த்தாள். நமக்காகத்தான் கத்துகிறார்கள் என்று நினைத்து இன்னும் வேகமாக நீந்தினாள். ஐயோ, அன்றைக்கு நீந்தினாளே ஒரு நீச்சல்! சுவரைத் தொட்டுத் திரும்பிப் பார்த்தாள். யாருமே பக்கத்தில் இல்லை. இரண்டு கையையும் தூக்கிச் சிரித்தாள்.

"செத்த நேரம் பிள்ளைய மூச்சு வாங்க விடுங்க சார்" என்று கெஞ்சினேன். அடுத்தடுத்து போட்டி இருக்கிறது, முடியாது என்றார்கள். மறுபடி விட்டபோது அவள் கையில் வலுவில்லை. நாலாவதாக வந்தாள். மெடல் மூன்று பேருக்குத்தான்.

ரஹீமா துண்டைப் போர்த்திக்கொண்டு அம்மாவிடம் கையால் என்னமோ கேட்டாள். பாத்திமா அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "டீச்சரம்மா, இவ மொதல்ல நீந்துனாள்ல, அதுல ரெண்டாவது யாரு வந்தான்னு கேக்குறா."

மதியம் இரண்டு மணிக்கு இப்போது கேம்ப் நடக்கிறது, போர்டு அப்படியே தொங்குகிறது, எல்லோரையும் சேர்த்துக்கொள்கிற நாங்கள் அந்தப் பிள்ளையைக் கிளப்பிவிட ஒரு கொடி வைத்திருந்தோம், திரும்பக் கூப்பிடத்தான் ஒன்றும் வைத்திருக்கவில்லை.