இரண்டு தட்டு

இதில் ஒரு வரிகூடக் கைச்சரக்கு இல்லை. சம்பந்தப்பட்டவள் உயிரோடு இருக்கிறாள், அந்த பிரஸ்ஸும் இருக்கிறது. பேய் நடுராத்திரியில்தான் வரும் என்று நினைப்பவர்கள், ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு தொழிற்சாலைக்குள் தனியாக நின்று பார்த்ததில்லை. வாரம் முழுக்கக் காதைக் கிழிக்கும் இடம் அன்றைக்கு மூச்சு விடாமல் கிடக்கும். இது நடந்தது மதியம் இரண்டு மணிக்கு மேல், விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருக்கும்போது.

அவள் எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் ஹைட்ராலிக் இயந்திரங்களுக்கு வரைபடம் போடுகிறவள். எந்த வால்வு எப்போது திறக்க வேண்டும், கரண்ட் போனால் எது நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், எல்லாம் அவள் போடும் கோட்டில் இருக்கிறது. அவள் கணவன் அதே தொழிற்சாலையில் ஃபிட்டர். "நீ ஏசியில உக்காந்து கோடு போடு, நான் எண்ணெயில குளிக்கிறேன்" என்று கேலி செய்வான். கூப்பிடுவதே "டிராயிங் அம்மா" என்றுதான். எட்டு மாதத்துக்கு முன்னால், அவள் வரைந்த, இரும்புத் தகடு அழுத்தும் பெரிய பிரஸ்ஸின் மேல்தட்டு இறங்கி அவன் செத்துப்போனான். தட்டின் எடை நான்கு டன்.

விசாரணை நடந்தது. மெயின் சுவிட்சை யாரும் போட்டுவிடாதபடி பூட்டுப் போடாமல் தட்டுக்கு அடியில் போனது அவன் தப்பு, லிவரில் கைபட்டுத் தட்டு இறங்கிவிட்டது என்று எழுதி மூடிவிட்டார்கள். வரைபடத்தில் குறை இல்லையாம். எல்லாரும் அதைத்தான் அவளுக்கு ஆறுதலாகச் சொன்னார்கள். அவளுக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. வேலையில் அவன் படுகறார். பூட்டுப் போடாமல் ஒரு போல்ட்டைக்கூடத் தொடமாட்டான்.

இப்போது பிரஸ் மறுபடி ஓட வேண்டும். வரைபடம் பாதுகாப்பானது என்று அவள் திங்கட்கிழமை கையெழுத்துப் போட வேண்டும். தன் கோடுதான் அவனைக் கொன்றதா என்று தெரியாமல் எப்படிப் போடுவது? மகளை அக்கா வீட்டில் விட்டுவிட்டு, முதல்நாள் ஞாயிற்றுக்கிழமையே தனியாகச் சோதித்துப் பார்க்கக் கிளம்பினாள்.

மதியம் 2:05. தட்டை மேலே ஏற்றி பம்பை நிறுத்தினாள். சுவிட்சில் தன் பூட்டை மாட்டினாள். பம்பின் அழுத்தத்தைக் காட்டும் கேஜின் முள் பூஜ்யத்துக்கு வந்தது. இனி அரைமணி நேரத்தில் தட்டு எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க வேண்டும். தட்டு விழாமல் தாங்க, விபத்துக்குப் பிறகு புதிதாக வாங்கி வைத்த இரும்பு முட்டுத்தூண் பக்கத்திலேயே நின்றது. அளவுகோல் வைக்கும் ஒரு நிமிட வேலைக்கு நாற்பது கிலோவை யார் இழுப்பது என்று விட்டுவிட்டாள். கேஜ் பூஜ்யம் காட்டினால் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அப்படி ஒரு அசட்டு தைரியம் வந்துவிடும்.

2:11. அளவுகோலை வைக்கத் தட்டுக்கு அடியில் கையை நீட்டினாள்.

டங்... டங்...

வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். பின்பக்கக் குழாயை யாரோ ஸ்பேனரால் தட்டிய சத்தம். இயந்திரங்கள் ஓடும்போது பேச்சு கேட்காது என்பதால், அங்கே ஃபிட்டர்கள் குழாயைத் தட்டித்தான் பேசிக்கொள்வார்கள். ஒரு தட்டு என்றால், ஓட்டலாம். இரண்டு தட்டு என்றால், கையை எடு.

பின்னால் போய்ப் பார்த்தாள். யாரும் இல்லை. வாட்ச்மேனுக்குப் போன் அடித்தாள்.

"உள்ள யாராவது வந்தாங்களா?"

"உங்களைத் தவிர ஒருத்தரும் இல்லம்மா."

சூடு குறையும்போது குழாய் சுருங்கும், சத்தம் வரும். படித்தவள் அல்லவா, தனக்குத்தானே பாடம் நடத்திக்கொண்டாள்.

2:19. மறுபடி கையை நீட்டினாள்.

டங்... டங்...

இந்தத் தடவை இன்னும் பக்கத்தில். குழாய் முழுக்கத் தூசி படிந்திருந்தது. ஓர் இடத்தில் மட்டும் இல்லை. அங்கே தொட்டாள். இவ்வளவு நேரம் ஓர் ஆள் பிடித்துக்கொண்டிருந்ததுபோல் வெதுவெதுப்பாக இருந்தது.

ஓடிவிடத்தான் கால் பரபரத்தது. ஆனால் எட்டு மாதமாக அவன் குரலுக்கு ஏங்கிக் கிடந்தவள். பயத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது.

"நீங்களா?"

குழாயில் காதை வைத்தாள்.

"சொல்லுங்க. நான் போட்ட கோடுதான் உங்களைக் கொன்னுச்சா?"

சத்தமே இல்லை...

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வேண்டுமென்றே கையை உள்ளே விட்டாள்.

"சொல்லாட்டி எடுக்க மாட்டேன்."

2:27.

டங் டங். டங் டங். டங் டங். டங் டங்...

நிற்கவே இல்லை.

கையை எடுத்தாள். நின்றது.

அழுதுகொண்டே தூணை இழுத்து, தட்டுக்கு அடியில் நிறுத்தினாள்.

2:31.

டப்.

எண்ணெய் முகத்தில் தெறித்தது. நான்கு டன்னும் தூணின் மேல் வந்து உட்கார்ந்தது. தரை அதிர்ந்தது.

வெடித்தது ஒரு ரப்பர் ஹோஸ். தட்டைத் தாங்கிப் பிடிக்கும் வால்வை சிலிண்டரிலேயே இறுக்கியிருக்க வேண்டும். அவள் வரைபடத்தில் இரண்டுக்கும் நடுவே ஒரு முழம் ஹோஸ் இருந்தது. அது வெடித்தால் எண்ணெய் வால்வுக்கு முன்பே வெளியேறிவிடும், வால்வு எதையும் தாங்காது. அவ்வளவுதான். எட்டு மாதமாகக் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. பிரஸ் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

திங்கட்கிழமை காலை, அவனோடு வேலை பார்த்த மூத்த ஃபிட்டர் வந்தார். எல்லாருக்கும் அவர் நெட்டையண்ணன். வெடித்த ஹோஸைப் பார்த்ததும் அவர் முகம் செத்துவிட்டது.

"அன்னிக்கும் இதேதாம்மா. கசிவைப் பார்த்துட்டான். டிராயிங்லயே தப்பு, சாப்பாட்டு நேரத்துல சத்தமில்லாம வால்வை இடம் மாத்திடறேன்னான். பழைய பூட்டும் முட்டும் அப்போ ஸ்டோர் அலமாரியில இருந்துச்சு. எடுத்தா ரிஜிஸ்டர்ல காரணம் எழுதணும். எழுதினா உன் பேரு வந்துரும்னு எடுக்கல."

அவள் வெடித்த ஹோஸைக் கையில் எடுத்தாள்.

"உயிர் போறப்பவும் உன் பேரு வெளிய வரக்கூடாதுன்னுதான் சொன்னான். அதான் விசாரணைக்கு முன்னாடி நான் புது ஹோஸ் மாட்டிட்டேன். மன்னிச்சிரும்மா."

அந்த ரிஜிஸ்டரைக் காட்டச் சொன்னாள். விபத்துக்குப் பிறகு பூட்டும் தூணும் புதிதாக வந்துவிட்டதால் அலமாரியை யாரும் திறக்கவில்லை. சாவி அவரிடமே இருந்தது. அலமாரிப் பூட்டு துருவேறி, எண்ணெய் விட்ட பிறகுதான் திறந்தது.

கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். எட்டு மாதத்துக்கு முந்தைய தேதிகள். அவற்றுக்குக் கீழே தனியாக ஒரு வரி. தேதி, நேற்று. நேரம், 2:31. அவன் கையெழுத்து. காரணம் என்ற கட்டத்தில் இப்படி எழுதியிருந்தது:

"ஹோஸை நான்தான் தப்பா மாட்டினேன். டிராயிங் சரி."