சன்னலோரத்துப் பவளமல்லி

புதூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ராதாமணியும் அவள் கணவன் நந்தகோபாலும் ஆடு மேய்த்துப் பிழைத்தார்கள். மழை பொய்த்த ஒரு வருஷம் அவன் கட்டட வேலைக்குக் கோயம்புத்தூர் போனான். சாரம் சரிந்து கீழே விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. ஊருக்குக் கொண்டுவந்து கட்டிலில் கிடத்தினார்கள். அதன்பிறகு அவன் எழுந்திருக்கவில்லை.

முதுகில் படுக்கைப்புண் வந்தது. ராதாமணி தினமும் கழுவி, மருந்து வைத்துக் கட்டினாள். ஆனாலும் அறையில் ஒரு வாடை நின்றுவிட்டது. பார்க்க வந்தவர்கள் வாசலோடு பேசிவிட்டுப் போனார்கள்.

"இனிமே யாரையும் கூட்டிட்டு வராத" என்றான் நந்தகோபால்.

கோவில்பட்டிக்கு மருந்து வாங்கப் போனவள் ஒரு பவளமல்லிக் கன்றோடு திரும்பினாள். கட்டிலை ஒட்டிய சன்னலுக்கு வெளியே நட்டாள். ஐப்பசி மழையில் கரிசல் மண் தண்ணீரைப் பிடித்துக்கொண்டது. வேர் அழுகிக் கன்று செத்துப்போனது. அடுத்த கன்றுக்குச் சரள் மண்ணும் ஆட்டுப் புழுக்கையும் கலந்து மேடு கட்டினாள். சுற்றிலும் முள் அடைத்தாள். போர்வெல் தண்ணீரின் உப்புக்கு இலை ஓரம் கருகவே, குடிக்கப் பிடித்து வைத்த தண்ணீரில் ஒரு பங்கை அதற்கு ஊற்றினாள்.

"குளுருக்குப் பூக்கும். சன்னலத் திறந்தா வாசம் உள்ள வரும், பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

சில வருஷம் கழித்து ஒரு மார்கழியில் செடி நிறையப் பூத்தது. விடிந்து பார்த்தால் தரையெல்லாம் வெள்ளைப் பூ. முந்தானையில் அள்ளிவந்து அவன் தலைமாட்டில் வைத்தாள். அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

"ஏன், பிடிக்கலையா?"

"அத வெட்டிப் போட்டுரு."

"என்ன சொல்லுதீய?"

"என் வாடை எனக்குப் பழகிப் போயிருந்துச்சு, ராதா. இந்த வாசம் வரவும்தான் நான் எப்படி நாறுதேன்னு தெரியுது."

மத்தியானம் அரிவாளை எடுத்துச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டினாள். ஒவ்வொரு வெட்டும் உள்ளே அவனுக்குக் கேட்டது.

சாயந்திரம் கட்டு மாற்றும்போது, "கோவமா?" என்றான்.

"இல்ல."

"நீ எப்படித்தான் இங்கன இருக்கியோ."

"எனக்கு ஒண்ணும் தெரியல" என்றாள். அது பொய்யென்று அவனுக்கும் தெரியும். அவள் குனிந்தபடி புண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஆடியில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. புண்ணிலிருந்த விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மாசம் முடியுமுன்னே இறந்துபோனான்.

வெட்டிய இடத்தில் செடி நாலா பக்கமும் கிளைத்து, அந்தக் குளிருக்கு முன்னைவிட அதிகமாகப் பூத்தது. திருப்பூரிலிருந்து வந்திருந்த மகள் கிருஷ்ணப்ரியா அதைப் பார்த்து நின்றாள்.

"அப்பா இதப் பாக்காமப் போயிட்டாவளே."

"பாத்தாவ" என்றாள் ராதாமணி.

விளக்குமாற்றை எடுத்து, விழுந்து கிடந்த பூவையெல்லாம் கூட்டிக் குப்பைக்குழியில் கொட்டினாள்.