அக்காவின் ஆறாவது அளவீடு

மாலை நான்கு இருபதுக்கு மருத்துவமனையிலிருந்து அழைத்தார்கள். ஆய்வகத்தில் மயங்கி விழுந்த அக்கா வரும் வழியிலேயே இறந்துவிட்டாளாம்.

அவள் அந்த ஆய்வகத்தில் இருபத்தோரு வருடமாக லேசர் கருவிகளைப் பொருத்துபவள். ஒளித்துகளின் குணங்கள் அளப்பதற்கு முன்பே முடிவாகி ஒளிந்திருக்கின்றனவா, அல்லது கூடவே எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்தவையா என்பதுதான் சோதனை. ஒன்பது குணங்கள், மும்மூன்றாகச் சேர்த்து ஆறு அளவீடுகள். ஒரு குணத்தை எவற்றோடு சேர்த்து அளந்தாலும் அதே கண்ணாடித் தகட்டைத்தான் பயன்படுத்த வேண்டும்.

போன வருடம் ஐந்து அளவீடுகள் முடிந்தபோது, ஓரிடத்தில் மாற்றுத் தகடு இருந்ததை அவளே கண்டுபிடித்தாள்.

“ரெண்டும் ஒண்ணுதானே மேடம், விட்டுடுங்க,” என்றார் உடன் வேலை பார்ப்பவர்.

“ஆளையே மாத்திட்டு, பேச்சு மாறிடுச்சுன்னு சொல்லுவீங்களா தம்பி? போய் வேலையப் பாருங்க.”

எட்டு மாத அளவுகளை ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள்.

“பதில் தெரியாம நான் போகமாட்டேன்டி,” என்று என்னிடம் சிரிப்பாள்.

இந்த முறையும் ஐந்து முடிந்திருந்தன. குணங்கள் முன்பே முடிவாகியிருந்தாலும், இல்லாவிட்டாலும் அந்த ஐந்தின் முடிவுகள் ஒரே மாதிரி வரலாம். ஆறாவதுதான் தீர்ப்புச் சொல்லும். அவளுடைய பையை எடுக்க நான் ஆய்வகத்துக்குப் போனபோது அவள் மேசையைப் பார்த்தேன். ஆறாவதற்கான தகட்டின் நான்கு திருகுகளில் மூன்றை முடுக்கியிருந்தாள்.