மூன்று போட்டோவும் ஆறு குரூப்பும்

என் மகளின் விவரத்தை ஊருக்கெல்லாம் தூக்கிக் கொடுத்த ஆள் வேறு யாருமில்லை, நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வேறு யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

செக்காலையில் எனக்குப் பெயிண்ட் கடை. மகள் கோயம்புத்தூரில் ஒரு மருந்து கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு வரன் பார்க்கத் தொடங்கியபோது, எங்கள் ஆட்கள் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். பிறந்த தேதி, நேரம், நட்சத்திரம், குலக்கோவில், அதில் எந்தப் பிரிவு, தாயாரைப் பெற்ற வீடு, படிப்பு, சம்பளம், வேலை பார்க்கும் இடம், தங்கியிருக்கும் விடுதி என்று எல்லாவற்றையும் டைப் அடித்து, மூன்று போட்டோவையும் சேர்த்து, போனில் இருந்த ஆறு வரன் குரூப்பிலும் போட்டேன். கடையில் கூட்டமாக இருந்தால் நான் போனை எடுப்பதில்லை என்பதால் அவள் நம்பரையும் கொடுத்தேன். அரிசி மூட்டையில்கூட இத்தனை விவரம் அச்சடிக்க மாட்டார்கள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தேவகோட்டையில் ஓர் இடம் அருமையாக அமைந்தது. வந்து பார்த்தார்கள். மாப்பிள்ளைப் பையனும் இவளும் ஒரு மணி நேரம் பேசினார்கள், இருவருக்கும் பிடித்துப்போயிற்று. பேசி முடிக்க நாள் பார்க்கும் நேரத்தில், ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். பொருத்தம் பார்த்துச் சரி என்று சொன்னதே அவர்களுடைய ஜோசியர்தான். அந்த வாரம் கடைக்கு வந்தவர் போனவர் மீதெல்லாம் நான் எரிந்து விழுந்தேன்.

காரணம் என் மைத்துனர் மூலம் தெரிந்தது. தயங்கித் தயங்கித் தன் போனைக் காட்டினார். மகளின் பெயரையும் போட்டோவையும் வைத்து எவனோ ஒரு கணக்குத் தொடங்கி, குரூப்பில் இருக்கும் பையன்களுக்கெல்லாம் எழுதியிருக்கிறான். என்ன எழுதியிருந்தான் என்பதை இங்கே சொல்ல என் கை வராது. தேவகோட்டைப் பையனுக்கும் ஒன்று போயிருந்தது. போட்டோ, நான் கொடுத்த மூன்றில் ஒன்று.

மகளைக் கூப்பிட்டேன். “நம்பரை மாத்திரு ஆத்தா. யாருட்டயும் மூச்சு விடாத. ரெண்டு மாசத்துல எல்லாரும் மறந்துருவாக” என்றேன்.

“நான் ஒளிஞ்சா, எழுதுனது நானுன்னே ஆயிரும் அப்பச்சி” என்றாள்.

மறுநாளே பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள். வழியெல்லாம் அழுதிருக்கிறாள், கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் வந்ததும் உட்கார்ந்து வேலையைத் தொடங்கிவிட்டாள். அந்தக் கணக்கையும் அது எழுதிய ஒவ்வொன்றையும் தேதி தெரியும்படி படமெடுத்து வைத்தாள். அதற்குப் பிறகுதான் சைபர் கிரைமுக்குப் புகார் எழுதினாள். அவளுடைய தோழிகள் ஆளாளுக்கு அந்தக் கணக்கின் மேல் புகார் போட்டார்கள். நாலாம் நாள் அது காணாமல் போனது. நானாக இருந்தால் முதல் வேலையாக அவனைக் கண்டபடி திட்டி எழுதியிருப்பேன். அவனும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஓடியிருப்பான்.

கணக்குப் போயிற்று, பேச்சுப் போகவில்லை. நல்லது கெட்டதுக்குப் போனால் பெண்கள் என் மனைவியைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்கள். அந்தச் சமயத்தில்தான் பிள்ளையார் நோன்பு வந்தது. பங்காளிகள் எல்லாரும் ஓரிடத்தில் கூடி, மாவில் பிடித்த பிள்ளையாரில் திரியை ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்ளும் நாள்; இதை இழை எடுப்பது என்போம். ‘வரவேண்டாம், காய்ச்சல் என்று சொல்லிவிடுகிறேன்’ என்று மகளிடம் கெஞ்சிப் பார்த்தேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் கிளம்பிவிட்டாள்.

எல்லாரும் இழை எடுத்து முடித்து, பலகாரத்துக்கு உட்காரப்போகும்போது எழுந்து நின்றாள். நாற்பது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். அந்தப் படங்களைத் தன் போனிலேயே திறந்து பெரியவர்கள் கையில் கொடுத்தாள்.

“இதைப் பாதிப் பேரு ஏற்கனவே பாத்திருப்பீக. இது நான் எழுதுனதில்லை. எழுதுனவன் யாருன்னும் தெரியாது. ஆனா என் படம் அவனுக்கு நம்ம போன்ல இருந்துதான் போயிருக்கு. தயவுசெஞ்சு எல்லாரும் என் படத்தையும் விவரத்தையும் இப்பவே அழிச்சிருங்க. யாருக்கெல்லாம் அனுப்புனீகளோ, அவுகளையும் அழிக்கச் சொல்லுங்க.”

முதலில் போட்டது யார் என்று அவள் சொல்லவில்லை. சொல்லவே போவதில்லை என்பது எனக்குப் புரிந்தது. பெற்ற அப்பனைச் சபையில் விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. என் காது சுட்டது. எழுந்து, “போட்டது நான்தான்” என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அவரவர் வீட்டுப் பெண்ணின் விவரத்தையும் அவரவர் போட்டிருந்தார்கள்.

அதன்பின் பலகாரம் ஆறிப்போக, நாற்பது பேரும் போனைக் குடைந்தார்கள். என் பெரியப்பா மகன் ஒருவர் அழிக்கத் தெரியாமல் குரூப்பை விட்டே வெளியேறிவிட்டு, வேலை முடிந்ததென்று காபி கேட்டார். மகள் வரிசையாகப் போய் ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்து, பொறுமையாகப் பார்த்துப் பார்த்து அழிக்க வைத்தாள். எனக்கு அந்தப் பொறுமை ஏழு ஜென்மத்துக்கும் வராது. இவள் நான் பெற்ற பெண்தானா என்று பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

தை பிறந்ததும் தேவகோட்டையிலிருந்து பையனின் அப்பா கூப்பிட்டார். “எழுதுனது உங்க மக இல்லைன்னு இப்பத்தான் தெரிஞ்சுச்சு. நாங்க தப்பா நினைச்சிட்டோம். பையன் இன்னும் உங்க மகளையேதான் சொல்றான். மேக்கொண்டு பேசலாமா?”

எனக்குச் சரியென்று வாய்வரை வந்துவிட்டது. நல்ல இடம், நல்ல பையன். எப்படியோ அடக்கிக்கொண்டு, “மகளைக் கேட்டுச் சொல்றேன்” என்று வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன்.

“வேண்டாம் அப்பச்சி. ஒரு மணி நேரம் எங்கூட உக்காந்து பேசுனவரு. இதை எழுதுனது நீதானான்னு எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை.”

தேவகோட்டைக்குப் போன் போட்டு, மகளுக்கு இஷ்டமில்லை என்றேன். காரணம் கேட்டார். அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். போனை நான்தான் முதலில் வைத்தேன்.